லைசென்ஸ் கேட்காத துப்பாக்கிகள்: குடகு மலையில் ஓர் ஆயுத பூஜை

தமிழ்நாட்டில் ஆயுத பூஜை என்றால் அரிவாள்மணைக்கும் தையல் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். லாரிக்கும் ஆட்டோவுக்கும் வாழைக்கன்று. லேத் பட்டறையில் பொரி, கடலை. இப்போது லேப்டாப்பும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

காவிரி பிறக்கும் குடகு மலையிலும் ஓர் ஆயுத பூஜை உண்டு. நவராத்திரிக்கு முன்னதாகவே, செப்டம்பர் 3-ஆம் தேதியை ஒட்டி வந்துவிடும். ஆனால் அங்கே சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருப்பவை நிஜமான துப்பாக்கிகள். ஒற்றைக் குழல், இரட்டைக் குழல், தாத்தா காலத்துத் துப்பாக்கி என்று எல்லாம் இருக்கும். அவற்றில் பலவற்றுக்கு, இந்தியாவில் வேறு யாராக இருந்தாலும் கட்டாயம் வாங்கியாக வேண்டிய ஆயுத லைசென்ஸ் கிடையாது. தேவையும் இல்லை. சட்டமே அப்படி ஒரு விலக்கைக் கொடுத்திருக்கிறது.

துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமையா, சலுகையா என்று அமெரிக்காவில் ஓயாமல் சண்டை நடப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். அதே கேள்வி, சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில், அப்புறம் மூன்று மணி நேர பஸ் என்ற தூரத்தில், காபித் தோட்டங்களுக்கு நடுவே அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

செங்காந்தள் சூடும் துப்பாக்கி

இந்தப் பண்டிகையின் பெயர் கைல்பொள்து. பேச்சில் ‘கைல்போத்’ என்பார்கள். ‘கைல்’ என்றால் ஆயுதம், ‘பொள்து’ என்றால் நல்ல நேரம். தமிழின் ‘பொழுது’ அதற்குள் ஒலிப்பது கேட்கும். நாற்று நடவு முடிந்து, மழை சற்றே ஓயும் பருவம் அது. அதுவரை வயலே கதி என்று கிடந்த குடும்பம், கைகால் கழுவிவிட்டு ஆயுதங்களை எடுத்துத் துடைக்கும் நாள்.

குடகின் பூர்விகச் சமூகங்களில் ஒன்றான கொடவர்கள் ‘ஒக்கா’ என்ற குலக் கூட்டங்களாக வாழ்பவர்கள். ஒவ்வொரு ஒக்காவுக்கும் ‘ஐன்மனை’ என்று ஒரு மூதாதையர் வீடு இருக்கும். பெங்களூரிலும் மைசூரிலும் வேலை பார்ப்பவர்கள்கூடப் பண்டிகைக்கு ஐன்மனைக்கு வந்துவிடுவார்கள். பூஜை அறையில் விளக்கேற்றி, துப்பாக்கியோடு ‘ஒடிக்கத்தி’ என்ற அகன்ற வளைந்த வாளையும், இடுப்பில் செருகும் ‘பீச்சக்கத்தி’யையும் வைத்து வணங்குவார்கள்.

அந்தத் துப்பாக்கிகளில் ஒரு பூவைச் செருகுவார்கள். நெருப்புக் கொழுந்துபோல சிவப்பும் மஞ்சளுமாக இதழ் சுருண்டிருக்கும் பூ. கொடவர் மொழியில் அதன் பெயர் ‘தோக் பூ’. ‘தோக்’ என்றால் துப்பாக்கி. மலையாளத்தில் தோக்கு, ஈழத்தமிழில் துவக்கு; எல்லாம் ஒரே சாயல்தான். அந்தத் துப்பாக்கிப் பூ, தமிழர்களுக்கு வேறு பெயரில் நன்றாகத் தெரிந்த பூ. செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர்.

பூஜை முடிந்ததும் விருந்து. அரிசி நொய்யில் உருட்டி அவித்த கடம்புட்டு, கூடவே கச்சம்புளி சேர்த்துக் கறுப்பாக வற்றவைத்த பன்றிக்கறி. பிறகு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். உயரத்தில் தேங்காயைக் கட்டி, குறிபார்த்துச் சுடும் போட்டி நடக்கும். ‘குப்பியா’ என்ற கறுப்பு அங்கி அணிந்த ஆண்களோடு, கொசுவத்தைப் பின்பக்கம் வைத்துச் சேலை கட்டிய பெண்களும் துப்பாக்கி ஏந்தி நிற்பார்கள்.

மற்றவர்களுக்கு என்ன சட்டம்?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். எதற்காகத் துப்பாக்கி என்று காரணம் சொல்ல வேண்டும். போலீஸ் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அதன் பிறகும் கொடுப்பதும் மறுப்பதும் லைசென்ஸ் வழங்கும் அதிகாரியின் முடிவு. 2019-இல் வந்த திருத்தம் பிடியை இன்னும் இறுக்கியது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறை. கல்யாண ஊர்வலத்தில் குஷியாக வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால், அதற்கும் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதே சட்டத்தின் 41-ஆவது பிரிவு, பொதுநலன் கருதி குறிப்பிட்ட மக்களுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. குடகுக்கு விலக்கு வந்தது இந்த வழியாகத்தான். 1963-இல் வெளியான அறிவிப்பு இரண்டு வகையினரைக் குறிப்பிட்டது. ஒன்று, குடகு இனத்தைச் சேர்ந்த ஒவ்வொருவரும். இரண்டு, குடகில் ‘ஜம்மா’ நிலம் வைத்திருப்பவர்கள்.

ஜம்மா என்பது குடகு அரசர்கள் காலத்து நில ஏற்பாடு. போர் வந்தால் ஆயுதத்தோடு வர வேண்டும். அதற்குப் பதிலாகக் குறைந்த வரியில், தலைமுறை தலைமுறையாக அனுபவிக்க நிலம். கொடவர் அல்லாத வேறு சில சமூகத்துக் குடும்பங்களிடமும் ஜம்மா நிலம் உண்டு. இந்த உரிமையில் வைத்திருக்கும் துப்பாக்கிக்கு உள்ளூரில் ‘ஜம்மா கோவி’ என்று பெயர். கோவி என்றால் கன்னடத்தில் துப்பாக்கி.

லைசென்ஸ் இல்லை என்றால் கணக்கே இல்லை என்று பொருளல்ல. விலக்குக்கான சான்றிதழை மாவட்ட நிர்வாகத்திடம் வாங்கிக்கொள்ள வேண்டும். விலக்கோடு நிபந்தனைகளும் இருக்கின்றன. துப்பாக்கி எந்த வீட்டில் இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியும். ஆனால் ‘எனக்கு எதற்குத் துப்பாக்கி’ என்று அவர்கள் யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. மற்ற இந்தியர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான்.

பறித்த கதையும் விட்டுவைத்த கதையும்

இந்த விலக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால், மக்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்த ஒரு நீண்ட கதைக்குள் போக வேண்டியிருக்கிறது. அதில் ஓர் அத்தியாயம் தமிழ் மண்ணில் நடந்தது.

1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை மாகாண ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். தென்பாண்டிச் சீமையின் பாளையக்காரர்களும் மக்களும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகள் இடிக்கப்படும் என்பது அதன் சாரம். ஈட்டியும் துப்பாக்கியும் வீடு வீடாகப் போயின.

1857 எழுச்சிக்குப் பிறகு இதே வேலையை ஆங்கிலேயர்கள் பெரிய அளவில் செய்தார்கள். ஆயுதங்களைக் களையும் சட்டம் வந்தது. அப்போது மைசூருக்கும் குடகுக்கும் தலைமை ஆணையராக இருந்தவர் மார்க் கப்பன். பெங்களூர் கப்பன் பார்க் அவர் பெயரில் இருப்பதுதான். அந்தச் சட்டம் குடகு மக்களுக்குப் பொருந்தாது என்று அவர் 1861-இல் அறிவித்தார். அவர்களுடைய வீரமும், பிரிட்டிஷ் அரசுக்கு அவர்கள் செய்த உதவியும் காரணமாகச் சொல்லப்பட்டன.

அந்த ‘உதவி’ என்ற சொல் இன்றுவரை குடகில் உறுத்துகிறது. 1834-இல் கடைசி அரசர் சிக்கவீர ராஜேந்திரரைப் பதவியிலிருந்து இறக்கி, கம்பெனி குடகை எடுத்துக்கொண்டது. 1837-இல் குடகையும் சுள்யா பகுதியையும் உலுக்கிய ஒரு கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கத் துணைநின்ற குடகர்களுக்குக் கம்பெனி பதக்கம் கொடுத்தது. கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான குட்டெமனை அப்பய்ய கவுடா மடிக்கேரியில் தூக்கிலிடப்பட்டார். ஆகவே 1861 அறிவிப்பை விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு என்று விமர்சகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘துப்பாக்கியை வெள்ளைக்காரன் கொடுக்கவில்லை, எங்களிடம் ஏற்கெனவே இருந்ததை அவனால் பறிக்க முடியவில்லை, அவ்வளவுதான்’ என்று கொடவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. அகிம்சையைப் போதித்த காந்தியே, 1918-இல் வெளியிட்ட ஒரு துண்டறிக்கையில், ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம் என்று அதைக் கடுமையாகக் கண்டித்தார். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் இருந்த அடிப்படை உரிமைகளின் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது.

சுதந்திரம் வந்த பிறகு என்ன ஆயிற்று? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இந்த உரிமையை அரசியலமைப்பில் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. எல்லோருக்கும் ஆயுத உரிமை என்று எழுதிவிட்டால், திருட்டையும் கொள்ளையையும் தொழிலாகக் கொண்டவர்களும் அதே உரிமையைக் கேட்பார்கள் என்பது அவருடைய வாதம். திருத்தம் தோற்றது. அமெரிக்காவில் 1791-இல் நடந்ததற்கு நேர்மாறான முடிவு இது. அங்கே இரண்டாவது திருத்தமாக ஆயுத உரிமை அரசியலமைப்புக்குள் போய் உட்கார்ந்தது. இங்கே அது லைசென்ஸ் தாளாகவே நின்றது. குடகில் மட்டும் அந்தத் தாளும் இல்லாமல் பழைய வழக்கம் தொடர்ந்தது.

பிறந்தால் ஒன்று, இறந்தால் இரண்டு

கொடவர் வீட்டில் துப்பாக்கி வெறும் காவல் பொருளாக மட்டும் இருப்பதில்லை. அதற்கென்று முறைகள் இருக்கின்றன.

ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி. யாராவது இறந்துவிட்டால் அடுத்தடுத்து இரண்டு வெடி. தொலைபேசி இல்லாத காலத்தில், வீட்டுக்கு வீடு காடும் பள்ளத்தாக்கும் குறுக்கே கிடக்கும் மலையில், அதுதான் செய்தி. சத்தத்தை எண்ணிக்கொண்டே அக்கம்பக்கத்தார் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பி வருவார்கள்.

அறுவடைத் திருநாளின் பெயர் புத்தரி. புது அரிசி என்று தமிழர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். நவம்பர் அல்லது டிசம்பரில் வரும். கக்கபெ ஊரிலுள்ள இக்குத்தப்பா கோயிலில் அதற்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பார்கள். குறித்த நேரத்தில், இரவில், விளக்கோடு வயலுக்குப் போவார்கள். துப்பாக்கி வெடிக்கும். முதல் கதிரை அறுப்பார்கள். ‘பொலி’ என்று குரல் எழும். தமிழ்நாட்டுக் களத்து மேட்டில் நெல் அளக்கும்போது கேட்ட அதே ‘பொலி’தான்.

இப்படி ஒவ்வொரு வெடிக்கும் ஒரு காரணம், ஒரு கணக்கு, பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள். கொடவர்கள் தங்கள் உரிமைக்காக முன்வைக்கும் வலுவான வாதமும் இதுதான்: ‘எங்கள் துப்பாக்கியைக் காகிதம் கட்டுப்படுத்தவில்லை, குடும்பம் கட்டுப்படுத்துகிறது.’ கொடவர் தேசிய கவுன்சில் என்ற அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சீக்கியர்கள் கிர்பான் அணிவதை அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மத உரிமையாக ஏற்றிருப்பதுபோல, கொடவர் துப்பாக்கிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்கிறது. ‘தோக் நம்மே’ என்று துப்பாக்கிக்கே விழாவும் எடுக்கிறது.

இந்த மண்ணிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்களின் பட்டியலையும் அவர்கள் காட்டுவார்கள். 1949 ஜனவரி 15-ஆம் தேதி இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற கே.எம்.கரியப்பா குடகுக்காரர். அந்த நாளைத்தான் நாடு ராணுவ தினமாகக் கொண்டாடுகிறது. பின்னர் தரைப்படைத் தளபதியான கே.எஸ்.திம்மய்யாவும் மடிக்கேரியில் பிறந்தவர்.

நீதிமன்றத்துக்கு வந்த கேள்வி

குடகின் துப்பாக்கிகள் ஒருநாள் நீதிமன்றத்துக்கும் வந்தன. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவருடைய கேள்வி எளிமையானது: சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றால், பிறப்பை வைத்தும், பரம்பரை நிலத்தை வைத்தும் சிலருக்கு மட்டும் எப்படி விலக்குக் கொடுக்கலாம்? வெள்ளைக்காரர் தங்கள் வசதிக்காகச் செய்த ஏற்பாட்டை சுதந்திர இந்தியா ஏன் சுமக்க வேண்டும்?

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2019 அக்டோபரில் மத்திய அரசு விலக்கை 2029 அக்டோபர் 31 வரை நீட்டித்தது. 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. கொடவர்கள் போர் மரபு கொண்ட சமூகம். சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இந்தச் சலுகை இருக்கிறது. தவிர, இது என்றென்றைக்குமான விலக்கு அல்ல, பத்து ஆண்டுகளுக்கு மட்டும், நிபந்தனைகளோடு என்பவை நீதிமன்றம் எடுத்துக்கொண்ட காரணங்கள்.

சட்டப்படி பதில் கிடைத்துவிட்டது. ஆனால் மலையில் நடந்து பார்த்தால் வேறு ஒரு கேள்வி எழுகிறது.

குடகின் காபித் தோட்டங்களுக்குள் யானைகள் வருவது சகஜம். பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். விடியற்காலை மூடுபனியில் யானைக்கு எதிரே முதலில் போய் நிற்பவர் யார்? பெரும்பாலும் தோட்டத்துக்கு நடந்து வேலைக்கு வரும் கூலித் தொழிலாளிதான். எரவர், ஜேனு குருபர் போன்ற பழங்குடியினரும், வெளியூர்களிலிருந்து பிழைக்க வந்தவர்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள். எரவர்கள் குடகுக் காடுகளிலும் வயல்களிலும் காலம் காலமாக உழைத்தவர்கள். ஜம்மா நிலம் இல்லாத அவர்களுக்கு இந்த விலக்கு இல்லை. மரபு என்று பார்த்தால் அவர்களும் இந்த மலையின் மரபுதான். துப்பாக்கி வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்களா என்பதல்ல விஷயம். பாதுகாப்புக்காகத்தான் இந்த உரிமை என்று சொல்லும்போது, யாருடைய பாதுகாப்பு என்ற கேள்வி தானாக வந்து நிற்கிறது.

யானையைச் சுடுவதற்கும் இங்கே யாருக்கும் உரிமை இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. ஒரு காலத்தில் வேட்டை, கொடவர் வாழ்க்கையின் பகுதி. இன்று பூஜையில் வைக்கும் துப்பாக்கியால் காட்டில் ஒரு மானைச் சுட்டாலும் சிறைதான். விலக்கு, துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டும்.

மரபு மெலிந்தால்?

குடும்பம்தான் கட்டுப்பாடு என்ற வாதத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. குடும்பம் அதே மாதிரி இருக்க வேண்டும். ஒரு ஐன்மனையில் பல தலைமுறைகள் கூடி வாழ்ந்த காலத்தில், யார் துப்பாக்கியை எடுக்கிறார், எப்போது வைக்கிறார் என்று பத்து கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. இன்று பிள்ளைகள் பெங்களூரில், துபாயில், கனடாவில். பல ஐன்மனைகள் பண்டிகைக்கு மட்டும் திறக்கின்றன. தோட்ட வீட்டில் வயதான தம்பதி மட்டும். அல்லது தனியாக ஒருவர். அலமாரியில் துப்பாக்கி.

சொத்துத் தகராறில் சொந்தக்காரர்களுக்குள்ளேயே துப்பாக்கி வெடித்த செய்திகள் குடகிலிருந்தும் அவ்வப்போது வருகின்றன. காட்டுப்பன்றி என்று நினைத்து இருட்டில் சுட்டதில் மனிதர்கள் பலியான செய்திகளும் வந்திருக்கின்றன. வீட்டில் துப்பாக்கி இருந்தால், மனம் உடைந்த ஒரு நிமிடம் மீளமுடியாததாக ஆகிவிடும் ஆபத்து கூடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அந்த நிமிடம் கொடவர் வீட்டுக்கு மட்டும் வராமல் போய்விடாது.

அதற்காக, லைசென்ஸ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் துப்பாக்கிக் குற்றங்களில் பெரும்பாலானவை கள்ளத் துப்பாக்கிகளால் நடப்பவை. 2023-இல் உச்ச நீதிமன்றமே கள்ளத் துப்பாக்கிகளின் பெருக்கம் குறித்துக் கவலை தெரிவித்து, அமெரிக்காவைப்போல ஆயுத உரிமை அடிப்படை உரிமையாக இல்லாத நாட்டில் இது எப்படி நடக்கிறது என்று கேட்டது. பண்டிகைக்குப் பூச்சூடி, ஊரறியச் சுவரில் சாத்தி வைக்கும் துப்பாக்கியைவிட, யாருக்கும் தெரியாமல் பட்டறையில் செய்து பைக்குள் ஒளித்து வைக்கும் துப்பாக்கி ஆபத்தானது. குடகின் துப்பாக்கிகள் குறைந்தபட்சம் யாருடையவை என்று ஊருக்குத் தெரியும்.

குடகு கற்றுத்தரும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஆயுதத்தை அடக்கி வைப்பது சட்டம் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் கண்களும்தான். அந்தக் கண்கள் குறையக் குறைய, சட்டம் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும். துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, வயதானவர்களின் உடல்நிலையையும் மனநிலையையும் கவனிப்பது, வாரிசு மாறும்போது பதிவைச் சரிபார்ப்பது போன்ற ஏற்பாடுகள் மரபுக்கு எதிரானவை அல்ல. ஒரு காலத்தில் ஐன்மனைப் பெரியவர் செய்த வேலையைத்தான் அவை செய்யும். 2029-இல் விலக்கை மீண்டும் நீட்டிப்பதா என்ற கேள்வி வரும்போது, ‘வீரமா, சமத்துவமா’ என்று கட்சி கட்டுவதைவிட இதைப் பேசுவது குடகுக்கு நல்லது.

எங்கே பார்க்கலாம்?

குடகு மாவட்டத்தில் ரயில் பாதை கிடையாது. சென்னையிலிருந்து மைசூருக்கு ரயிலில் போய், அங்கிருந்து குஷால்நகர் வழியாக மடிக்கேரிக்கு சுமார் 120 கி.மீ. சாலைப் பயணம். கோவைக்காரர்கள் சத்தியமங்கலம், சாமராஜநகர் வழியாக மைசூரை அடையலாம். விராஜ்பேட்டைப் பக்கம் போகிறவர்களுக்குக் கண்ணூர் விமான நிலையமும் வசதி.

மடிக்கேரிக் கோட்டையிலிருந்து தொடங்கலாம். மண் கோட்டையாக இருந்ததைத் திப்பு சுல்தான் கல்லால் கட்டினார். கோட்டைக்குள் இருந்த பழைய செயின்ட் மார்க் தேவாலயம் இப்போது அருங்காட்சியகம். திம்மய்யா பிறந்து வளர்ந்த ‘சன்னி சைடு’ வீடு 2021 பிப்ரவரியில் நினைவு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ராணுவச் சீருடையும் ஆயுதங்களும் பிள்ளைகளை இழுத்துப் பிடிக்கும். அங்கே துப்பாக்கியைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்கலாம்.

தலைக்காவிரிக்கும் பாகமண்டலத்துக்கும் போகாமல் தமிழ்க் குடும்பங்கள் திரும்புவதில்லை. அக்டோபர் நடுவில் துலா சங்கிரமண நாளில் கூட்டம் அலைமோதும். கைல்போத் பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் முதல் வாரம், புத்தரி பார்க்க நவம்பர், டிசம்பர். அழைப்பு இருந்தால் மட்டும் ஐன்மனைக்குள் போவது மரியாதை. அது சுற்றுலாத் தலம் அல்ல, ஒரு குடும்பத்தின் வீடு. ஒன்றை மறக்க வேண்டாம்: லைசென்ஸ் விலக்கு அவர்களுக்குத்தான், விருந்தினருக்கு இல்லை. ஹோம்ஸ்டேயில் யாராவது ஆசையாகத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தாலும், செல்ஃபிக்காகக்கூட வாங்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

காபித் தோட்டத்து வீட்டில் தங்கியிருக்கும்போது, மலைக்கு அப்பாலிருந்து வெடிச் சத்தம் கேட்டால் பதறத் தேவையில்லை. தோட்டத்தில் யானையை விரட்டும் பட்டாசாக இருக்கலாம். வீட்டுக்காரர் மட்டும் ஒரு நொடி பேச்சை நிறுத்திக் காது கொடுப்பார். ஒன்றோடு நின்றால் முகம் மலரும். அடுத்ததும் கேட்டுவிட்டால் எழுந்து செருப்பைத் தேடுவார்.